மக்ரோனியும் மக்ரூனும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருபது நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். தலைப்பைப் பார்த்தவர்கள், "இன்ஜினீயரைப் பேசக் கூப்பிட்டால் சமையல் குறிப்பு சொல்ல வந்துவிட்டாரே" என்று நினைத்திருக்கலாம். சாப்பாட்டு நேரத்துக்கு முந்தைய பேச்சு என்பதால் தலைப்பு பொருத்தமாகத்தான் இருக்கும் என்று நானும் துணிந்துவிட்டேன். ஆனால் நான் பேசப் போவது மக்ரோனி செய்வது எப்படி என்பதைப் பற்றி அல்ல. மக்ரோனி என்கிற சொல்லைப் பற்றி.

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்து மளிகைக் கடையிலேயே இன்று மக்ரோனி பாக்கெட் தொங்குகிறது. சேமியா பாக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். வாங்கி வந்து, வெங்காயம், தக்காளி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, உப்புமா மாதிரி கிண்டிப் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் கொடுத்து அனுப்புகிறார்கள். இத்தாலியில் இருக்கிறவர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். ஆனால் ருசி நன்றாகத்தான் இருக்கிறது, இல்லீங்களா?

இந்தச் சொல்லுக்கு உலகத்தில் எத்தனை பொருள் தெரியுமா? ஒன்று, நாம் வாங்குகிற குழாய் வடிவப் பண்டம். இரண்டு, 18ஆம் நூற்றாண்டு லண்டனில் அது ஒரு வகை மனிதனின் பெயர். மூன்று, அது ஒரு வகைக் கவிதையின் பெயர். நான்கு, அது ஒரு பறவையின் பெயர். ஐந்தாவது, நம் தமிழ்நாட்டிலேயே ஒரு ஊருக்குப் புகழ் சேர்த்த இனிப்பின் பெயர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பண்டத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய மொழியில் இது 'மக்கெரோனி'. ஒருமையில் 'மக்கெரோனே', வட்டார வழக்கில் 'மக்கரோனே'. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு மொழி அறிஞர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். 'மக்காரே' என்ற இத்தாலிய வினைச்சொல்லுக்கு இடித்தல், நசுக்குதல் என்று பொருள். அதிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. கிரேக்கத்தில் 'மக்காரியா' என்றொரு சொல் இருக்கிறது. பார்லியில் செய்த உணவுக்கு அந்தப் பெயர். 'மக்காரியோஸ்' என்றால் பாக்கியம் பெற்றவர். இறந்தவரையும் அப்படிச் சொல்வார்கள். கிரேக்க நாட்டில் இன்றும் அடக்கம் முடிந்து உறவினர்களுக்குப் போடும் சாப்பாட்டுக்கு 'மக்காரியா' என்றுதான் பெயர். நம் ஊர்ப் பக்கம் கருமாதிச் சாப்பாடு என்று சொல்கிறோமே, அது போல. அங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை.

முதல் கட்சியைக் கேட்டதும் நமக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். இடியாப்பம். இடித்த மாவில் செய்த ஆப்பம் என்றுதான் அந்தச் சொல்லைப் பிரிக்கிறோம். அந்தக் கட்சி ஜெயித்தால், அங்கே இடித்தவர்களும் இங்கே இடித்தவர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே தங்கள் பண்டத்துக்கு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஆகிறது.

பாஸ்தா வகைகளின் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் பார்த்தீர்களானால் பயமே போய்விடும். ஸ்பகெட்டி என்றால் சின்னக் கயிறுகள். லிங்குவீனி என்றால் சின்ன நாக்குகள். வெர்மிசெல்லி, அதாவது நம் சேமியா, அதன் அர்த்தம் சின்னப் புழுக்கள்! பாஸ்தா என்ற சொல்லுக்கே பிசைந்த மாவு என்றுதான் பொருள். நாம் பல் துலக்குகிற பேஸ்ட்டும் அதே குடும்பத்துச் சொல். நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? கேரளத்தில் இடியாப்பத்துக்கு நூல் புட்டு என்று பெயர். கலர் கலராகக் குழாய் அப்பளம் பொரித்து விற்கிறார்களே, சின்ன வயதில் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்தோமே, அதற்கு நாம் வைத்த பெயர் என்ன? குடல் அப்பளம். இத்தாலிக்காரனுக்குப் புழு தெரிந்தது, நமக்குக் குடல் தெரிந்தது. உலகம் முழுக்க சாதாரண ஜனங்கள் கண்ணுக்குப் பட்டதை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய ஓட்டல் மெனு கார்டில் ஏறிய பிறகுதான் அந்தப் பெயர்களுக்கு மிடுக்கு வந்துவிடுகிறது.

சரி, மக்ரோனி இத்தாலிக்கு எப்படி வந்தது? "மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டு வந்தார்" என்று நம்மில் பலர் படித்திருப்போம். மார்க்கோ போலோ நமக்கும் அந்நியர் இல்லை. தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர். அவர் வெனிஸ் நகரத்துக்குத் திரும்பியது 1295இல். ஆனால் ஜெனோவா நகரத்தில் 1279ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு பத்திரம் இருக்கிறது. பொன்சியோ பஸ்தோனே என்ற சிப்பாயின் சொத்துப் பட்டியல் அது. அந்தப் பட்டியலில், ஒரு கூடை நிறைய மக்ரோனி என்று நோட்டரி எழுதி வைத்திருக்கிறார். மார்க்கோ போலோ ஊர் திரும்புவதற்குப் பதினாறு வருஷத்துக்கு முன்பு! அப்படியானால் அந்தக் கதையை ஊர் ஊராகப் பரப்பியது எது? 1929இல் அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர் சங்கத்தின் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரைதான். வியாபாரத்துக்காக எழுதியது நம் பொது அறிவுப் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது.

இன்னும் பின்னால் போனால், 1154இல் அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியல் அறிஞர் சிசிலித் தீவின் அரசர் ரோஜருக்காக எழுதிய நூலில், பலெர்மோவுக்குப் பக்கத்தில் திராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' என்ற மாவுப் பண்டம் ஏராளமாகச் செய்து கப்பல் கப்பலாக வெளியே அனுப்புகிறார்கள் என்று சொல்கிறார். நம் பக்கத்தில், கன்னட நாட்டில் 1025ஆம் ஆண்டைச் சேர்ந்த 'லோகோபகாரம்' என்ற நூல், 'சாவிகெ' பிழிவதையும் அதற்கான அச்சையும் பற்றிப் பேசுகிறது. நம் சேவைதான் அது.

உடனே "ஆகவே உலகத்துக்கே இடியாப்பம் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தான்" என்று கைதட்டல் வாங்கிவிடலாம். நான் அதைச் சொல்லப் போவதில்லை. லோகோபகாரத்திலிருந்து சிசிலிக்குப் பாலம் போட என்னிடம் சான்று எதுவும் இல்லை. ஆண்டு முந்தியது என்பதாலேயே இங்கிருந்து அங்கே போனது என்று ஆகிவிடாது. மார்க்கோ போலோ கதையைச் சான்று கேட்டுத் தள்ளிவிட்டு, நமக்கு இனிக்கிற கதையை மட்டும் சான்று கேட்காமல் விழுங்கினால் அது நியாயமா? தம்பி தங்கைகளே, லேபில் ரீடிங் எடுக்கும்போது எப்படி நேர்மையாக இருக்கிறீர்களோ, சொல் விஷயத்திலும் அப்படியே இருங்கள். இந்த நாட்களில் கைப்பேசியில் வருகிற பாதிச் சொல்லாராய்ச்சி ரீடிங் எடுக்காமலே எழுதின ரெக்கார்டு நோட்டுதான்!

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். அலுமினியத்தை அச்சு வழியாகத் தள்ளி ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம் செய்கிற தொழில் என்னுடையது. பாடத்தில் எக்ஸ்ட்ரூஷன் என்று படிக்கிறீர்களே, அதுதான். முறுக்குப் பிழிவதும் அதே தத்துவம்தான். மாவை உள்ளே வைத்து, மேலிருந்து அழுத்தினால், கீழே துளையின் உருவத்தில் வெளியே வரும். இதில் ஒரு கேள்வி. துளை வட்டமாக இருந்தால் நூல் மாதிரி வரும். நட்சத்திரமாக இருந்தால் முள்ளு முறுக்கு வரும். ஆனால் நடுவில் ஓட்டை உள்ள குழாய் எப்படி வரும்? மக்ரோனிக்குள் ஓட்டை போட்டவர் யார்?

துளையின் நடுவில் ஒரு ஊசியை நிறுத்தினால் மாவு அதைச் சுற்றி வரும், ஓட்டை கிடைக்கும். ஆனால் அந்த ஊசி அந்தரத்தில் நிற்காதே! அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று கால்கள் வேண்டும். கால்கள் இருந்தால் மாவு அந்த இடத்தில் கிழிபடும். அங்கேதான் தந்திரம் இருக்கிறது. கால்களை மேலே வைக்கிறார்கள். மாவு அங்கே இரண்டு மூன்றாகப் பிரிந்து, கால்களைத் தாண்டியதும் ஊசியைச் சுற்றி மறுபடியும் சேர்ந்து, அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு, முழுக் குழாயாக வெளியே வருகிறது. வளைந்த மக்ரோனி வேண்டுமா? ஊசியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன வெட்டு. அந்தப் பக்கம் மாவு வேகமாக ஓடும், மறுபக்கம் மெதுவாக வரும். குழாய் தானாகவே வளையும். வெளியே வரும்போது சுழலும் கத்தி அதை வெட்டிப் போடும். அவ்வளவுதான்.

அலுமினியக் குழாய்ச் சட்டத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற அச்சும் இதே ஏற்பாடுதான். மாவுக்குப் பதில் 450, 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய அலுமினியக் கட்டை. உருகவில்லை, அது உருக 660 டிகிரி வேண்டும். மெத்தென்று ஆன உலோகம் நான்கு வாசல் வழியாகப் பிரிந்து போய், உள்ளே ஒன்றாகப் பற்றவைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பிரிந்து சேர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தையல் இருக்கும். சூடும் அழுத்தமும் சரியாக இல்லையென்றால் அந்தத் தையல் பிட்டுக்கொள்ளும். இந்தத் தையலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

மாவிலும் ஒரு வித்தியாசம் உண்டு. கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலே குளூட்டன் என்கிற புரதம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அரிசியில் அந்தப் புரதம் இல்லை. அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் வறுத்த அரிசி மாவில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பிசைகிறார்கள். மாவுச்சத்து கஞ்சியாகிப் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். கோவைப் பக்கம் சந்தகைக்கு மாவை முதலில் வேகவைத்து, பிறகு பிழிவார்கள். நாம் முதலில் பிழிந்து, பிறகு வேகவைக்கிறோம். இரண்டும் ஒரே பிரச்சினைக்கு இரண்டு தீர்வு. இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் 1787 வாக்கில் மக்ரோனி இயந்திரம் ஒன்றைப் படம் வரைந்து, குறிப்பும் எழுதி வைத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. நாட்டுக்குச் சுதந்திரப் பிரகடனம் எழுதிய கை, இடியாப்ப அச்சு மாதிரி ஒன்றையும் வரைந்திருக்கிறது. எந்த வேலையும் மட்டமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது கவிதை. இத்தாலியில் பதுவா என்று ஒரு பல்கலைக்கழக நகரம். பிற்காலத்தில் கலிலியோ பாடம் நடத்திய இடம். அங்கே 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் திஃபி ஒதாசி என்பவர் லத்தீனையும் ஊர்ப் பேச்சையும் கலந்து ஒரு கிண்டல் காவியம் எழுதினார். அதன் பெயரே 'மக்கரோனேயா'. பிறகு 1517இல் ஃபொலெங்கோ என்ற துறவி அதே பாணியில் பெரிய காவியம் எழுதிப் புகழ் பெற்றார். ஏன் இந்தப் பெயர் என்று அவரே விளக்கம் சொன்னார்: மாவும் பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் கலந்த முரட்டுப் பண்டம் மக்ரோனி, இந்தக் கவிதையும் அப்படித்தான். அன்றிலிருந்து இரண்டு மொழி கலந்து எழுதும் பாட்டுக்கு ஐரோப்பாவில் 'மக்ரோனி நடை' என்று பெயர்.

நமக்கு இது புதிதா? மணிப்பிரவாளம் என்று நாம் சொல்வது வேறென்ன? மணியும் பவளமும் கோத்த மாலை மாதிரி தமிழும் வடமொழியும் கலந்த நடை. வைணவ உரையாசிரியர்கள் அதில்தான் தத்துவம் எழுதினார்கள். கடலூருக்குப் பக்கத்தில் கெடிலக் கரையில் இருக்கிற திருவந்திபுரத்தில் பல காலம் வாழ்ந்ததாகப் போற்றப்படும் வேதாந்த தேசிகர், ரகசியத்திரய சாரத்தை மணிப்பிரவாளத்தில்தான் எழுதினார். அவர்கள் சாப்பாட்டுப் பெயர் வைத்தார்கள், நாம் நகைப் பெயர் வைத்தோம். கலப்பு நடை நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அதற்குத் தமிழ்த் துறை ஐயாக்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று. கலந்து பேசுகிறவனுக்கு மூளை குறைவு என்று யாராவது சொன்னால், அவருக்குப் பதுவாவும் தெரியாது, திருவந்திபுரமும் தெரியாது என்று அர்த்தம்.

மூன்றாவது பொருளுக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வருவது வழக்கம். இத்தாலிக்குப் போய் மக்ரோனி சாப்பிட்டுவிட்டு, லண்டனுக்கு வந்து ஆகாயம் தொடுகிற டோப்பாவும் இறுக்கமான சட்டையுமாகத் திரிந்தார்கள். 1764 வாக்கில் 'மக்ரோனி கிளப்' என்ற பேச்சு வந்துவிட்டது. அலட்டிக்கொள்கிற ஆளுக்கே மக்ரோனி என்று பெயராயிற்று. அமெரிக்கச் சிப்பாய்களைக் கேலி செய்யும் 'யாங்கி டூடில்' பாட்டில் வருகிற மக்ரோனியும் இதுதான்: தொப்பியில் ஒரு இறகைச் செருகிக்கொண்டு நாகரிகக்காரன் ஆகிவிட்டதாக நினைப்பவனைப் பற்றிய நக்கல். பிறகு தென்கடல் தீவுகளில் தலையில் மஞ்சள் கொண்டை வைத்த பென்குயினைப் பார்த்த ஆங்கில மாலுமிகள், "இதோ ஒரு மக்ரோனி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் அது மக்ரோனி பென்குயின்தான்.

இதை நான் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு சாப்பாட்டின் பெயர், "நான் போய் வந்தவன், நீ போகாதவன்" என்று ஆட்களைப் பிரிக்கிற வேலியாக ஆகிவிட்டது. அந்த வேலி இன்றும் இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு தம்பி சேர்ந்தான். தமிழ் வழியில் படித்து, டிப்ளமோ முடித்து வந்தவன். அச்சுப் பிரிவில் அவன் கைக்கு ஈடு கிடையாது. பயிற்சி வகுப்பு என்று எங்களை ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். மதியம் தட்டில் மக்ரோனி. அவன் வெகுளியாக, "என்ன அண்ணே, குடல் அப்பளத்தைப் பொரிக்காம வேக வெச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டான். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு விட்டால் பரவாயில்லை. அன்றிலிருந்து அவனுக்குக் 'குடல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு பிரச்சினை வந்தது. அனுப்பிய சதுரக் குழாய்களை வளைக்கும்போது ஒரே கோட்டில் பிளந்துகொள்கின்றன என்று சரக்கு திரும்பி வந்தது. நான் சொன்னேனே, அந்தத் தையல். ஏன், எங்கே என்று பெரியவர்களெல்லாம் கூடிப் பேசினோம். கடைசியில் பார்த்தால், அந்தத் தம்பிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கட்டை சரியாகச் சூடாகாமலே உள்ளே போவதையும், குழாயில் ஒரே இடத்தில் கோடு விழுவதையும் அவன் கவனித்திருக்கிறான். "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல அதுக்கு என்ன பேருன்னு தெரியல அண்ணே. தப்பாச் சொன்னா மறுபடியும் சிரிப்பாங்க" என்றான்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவன் அன்று ஓட்டலில் கேட்ட கேள்விதான் சரியான இன்ஜினீயரிங் கேள்வி! குடல் அப்பளமும் மக்ரோனியும் ஒரே மாதிரி அச்சில், நடுவில் ஊசி வைத்துத் தள்ளிய குழாய்கள்தான். பார்த்த மாத்திரத்தில் அந்த ஒற்றுமையைப் பிடித்தவன் அவன் ஒருவன்தான். சிரித்தவர்களுக்கு மக்ரோனி என்ற பெயர் தெரியும், அதில் ஓட்டை எப்படி வந்தது என்று தெரியாது. பெயர் தெரிவது வேறு, பொருள் தெரிவது வேறு. நஷ்டம் யாருக்கு? அவனுக்கும்தான், எங்களுக்கும்தான்.

அந்நியச் சொல்லைப் பார்த்துப் பயப்படுகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஏற்கெனவே எத்தனை அந்நியச் சொல்லை உங்கள் அம்மாவிடமிருந்தே கற்றுக்கொண்டு விட்டீர்கள் தெரியுமா? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். இந்தக் கடற்கரை வழியாக வந்த சொற்களைப் பாருங்கள். நான் தொழிலாகச் செய்கிற ஜன்னல் போர்ச்சுகீசியம். அது திறக்கிற வராந்தா போர்ச்சுகீசியம். பூட்டுகிற சாவி, துணி வைக்கிற அலமாரி, எழுதுகிற மேசை, சட்டைப் பொத்தான், பீப்பாய், ஏலம், அன்னாசி எல்லாம் போர்ச்சுகீசியம். கட்டட வேலையில் புதிதாகச் சேர்கிற சிவில் இன்ஜினீயருக்கு முதல் குரு யார்? மேஸ்திரி. அவர் பெயரும் போர்ச்சுகீசியம்தான். 'மெஸ்த்ரே' என்றால் ஆசான். எந்தப் பாட்டியாவது ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால், "இந்தச் சொல் எனக்கு வராது" என்று கூச்சப்பட்டிருக்கிறாரா?

நம்மிடமிருந்தும் போயிருக்கிறது. கட்டுமரம் போயிற்று. சுருட்டு போயிற்று. மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் மேசையில் சூப் ஆயிற்று. சாணைக்கல்லில் பயன்படும் குருந்தக்கல், அலுமினியம் ஆக்சைடுதான் அது, உலகம் முழுக்க 'கொரண்டம்' என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறதே, அது நம் குருந்தம். மலேசியாவில் தேங்காய்த் துருவலும் வெல்லமும் போட்டு விற்கிற 'புத்து மாயம்' நம் இடியாப்பம்தான். இரண்டு பக்கமும் ஓடுகிற ரயில் இது.

இனி கடைசிப் பொருள். தூத்துக்குடி மக்ரூன். இங்கே சாப்பிடாதவர்கள் இருந்தால் அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, கூம்பு கூம்பாகச் சுருட்டி விட்டு, இளஞ்சூட்டில் நிதானமாக வேகவைப்பார்கள். வாயில் போட்டதும் கரைந்துவிடும். மக்ரூன் என்பது ஆங்கிலத்தின் மக்கரூன். அது பிரெஞ்சின் மக்கரோன். அது எங்கிருந்து? இத்தாலிய வட்டார வழக்கின் அதே மக்கரோனே! ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று கோதுமையில் பண்டமாயிற்று, இன்னொன்று பாதாம் பருப்பை இடித்து இனிப்பாயிற்று. பெயர் ஒன்று, உருவம் வேறு, ருசி வேறு.

போர்ச்சுகீசிய மொழியில் 'மக்கர்ராவ்' என்றால் மக்ரோனிதான், இந்த இனிப்பு அல்ல. ஆகவே போர்ச்சுகீசியர் வெகுகாலம் இருந்த தூத்துக்குடியாக இருந்தாலும், மக்ரூன் என்ற பெயர் ஆங்கில உச்சரிப்போடுதான் ஒட்டுகிறது என்பது என் கணிப்பு. ஆனால் அதற்குள் இருக்கும் முந்திரி இந்த மண்ணுக்கு வந்தது போர்ச்சுகீசியரால்தான். பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் கொண்டு வந்தார்கள். மலையாளத்தில் இன்றும் அதற்குப் பறங்கியண்டி என்று ஒரு பெயர் உண்டு. நாம் என்ன செய்தோம்? திராட்சைக்கு நம்மிடம் முந்திரி என்ற பழைய பெயர் இருந்தது. கொடிமுந்திரி என்று சொல்வார்களே. அந்தப் பெயரை எடுத்துப் புதிதாக வந்த பருப்புக்கும் வைத்துவிட்டோம். அது இன்று நம் பண்ருட்டிச் செம்மண்ணில் ஊர் ஊராகக் காய்க்கிறது. பண்ருட்டி முந்திரி வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் விடுவோமா? ஆக, பெயர் இத்தாலியில் பிறந்தது, பருப்பு பிரேசிலில் பிறந்தது, கை தூத்துக்குடிக்காரர் கை. மொத்தமும் தமிழ்நாட்டு இனிப்பு.

ஒரு சொல் நம்முடையது ஆவதற்கு அது இங்கே பிறந்திருக்க வேண்டியதில்லை. அதை நாம் கையில் எடுத்து, பிசைந்து, நம் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். அவ்வளவுதான். அதற்கு முதல் படி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பது. இத்தாலிக்காரர்களுக்கே மக்ரோனி எங்கிருந்து வந்தது என்று முடிவாகத் தெரியாதபோது, மேல்பட்டாம்பாக்கத்துப் பிள்ளை கேட்பதில் என்ன வெட்கம்?

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில், ஒர்க் ஷாப்பில், மெனு கார்டில் புரியாத சொல் எதிர்ப்பட்டால் எழுதுங்கள். பக்கத்தில் அதன் நேர் அர்த்தத்தை எழுதுங்கள். மூன்றாவது வரிசையில், அதற்கு மேஸ்திரியும் பிட்டரும் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். ரசமட்டம், தூக்குக் குண்டு, மூலைமட்டம் என்று அவர்கள் வைத்திருக்கிற சொற்கள் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதையே சொல்லிவிடும். நான்கு வருஷத்தில் அந்த நோட்டு உங்களுக்கு எந்தக் கைடையும் விட உபயோகமாக இருக்கும்.

அண்ணன்மார்கள், அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் இன்று ஆட்களை வேலைக்கு எடுக்கிற இடத்தில் இருக்கிறோம். நம் கல்லூரிப் பிள்ளையோ வேறு கல்லூரிப் பிள்ளையோ, ஒரு சொல் தெரியாமல் தடுமாறினால், ஒரு நிமிஷம் பொறுத்து, "தமிழிலேயே சொல்லுப்பா, பேரு அப்புறம் தெரிஞ்சுக்கலாம்" என்று சொல்லுங்கள். யாராவது சிரித்தால் நிறுத்துங்கள். சங்கம் மனது வைத்தால், மாதம் ஒரு சனிக்கிழமை, முன்னாள் மாணவர் ஒருவர் வந்து தன் தொழிலின் சொற்களை மாணவர்களுக்கு விளக்கலாம். செலவு ஒன்றும் கிடையாது; ஒரு கரும்பலகையும் ஒரு டீயும் போதும். முதல் சனிக்கிழமைக்கு நான் தயார். அச்சும் அலுமினியத் துண்டும் நானே கொண்டு வருகிறேன்.

 சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். மெனுவில் மக்ரோனி இல்லை, விசாரித்துவிட்டேன்.